சாயம் ஒட்டிய கைகள்

1996ஆம் ஆண்டு பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது அனிலின். பழுப்பு நிறத்தில் எண்ணெய் போல இருந்த அந்தத் திரவத்தை முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் முறைப்படி சோதனை செய்து காட்டினால்தான் மதிப்பெண். சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு அனிலின் விட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தேன். ஆசிரியர் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஐஸ்கட்டியில் குழாயைக் குளிரவைத்து, சோடியம் நைட்ரைட் கரைசலை ஊற்றினேன். கடைசியாக, காரத்தில் கரைத்த பீட்டா நாப்தாலைச் சேர்த்ததும் குழாய்க்குள் குங்குமத்தைக் கொட்டியதுபோல ஒரு சிவப்பு திரண்டு வந்தது. "ஸ்கார்லெட் சிவப்பு நிறச் சாயம் தோன்றுகிறது, அரோமேட்டிக் ஓரிணைய அமீன் உறுதி" என்று எழுதிவிட்டு வந்தேன்.

சாயம் குழாயில் மட்டும் தோன்றவில்லை. என் வலது கை விரல்களிலும் ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் போகவில்லை. அந்த ஆய்வகத்தில் எங்கள் யாருக்கும் கையுறை கிடையாது. வேதிப்பொருளை முகர்ந்து பார்க்கக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா என் விரலைப் பார்த்து, "மருதாணியா வச்சுக்கினே, பரிச்சை அதுவுமா?" என்று கேட்டாள். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த சித்தி தன் கையை நீட்டிக் காட்டினாள். நகக்கண்களில் கறுப்பும் பழுப்பும் படிந்திருந்தன. "எனுக்கு வருசம் பூரா பரிச்சைதாண்டி" என்று சிரித்தாள்.

எங்கள் ஊர் நெமிலிக்குப் பக்கம். கிழக்கே காஞ்சிபுரம், பட்டு. மேற்கே ராணிப்பேட்டை, அங்கிருந்து மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீள்வது தோல். 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகும்வரை நெமிலியும் வேலூர் மாவட்டம்தான். எங்கள் வீட்டில் தறி இருந்தது. அம்மா பட்டுக்குத் தார் சுற்றினாள். சித்தி ஷூவின் மேல்பாகத்தை, அதாவது கம்பெனியில் 'அப்பர்' என்று சொல்வதை, தைத்தாள். தோல் தொட்ட கையோடு தறிப்பக்கம் வரக் கூடாது என்பது பாட்டியின் சட்டம். சித்தி குளித்துவிட்டுத்தான் கூடத்துக்குள் வருவாள்.

நான் இன்று வேதியியல் ஆசிரியை. என் குழாயில் வந்த சிவப்பும் சித்தியின் நகக்கண்ணில் படிந்த நிறமும் உறவுக்காரர்கள் என்று இப்போது தெரியும். பெரும்பாலான செயற்கைச் சாயங்கள் அசோ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. சாயத்தால் ஆபத்து என்று தெரிந்தபோது, யாருடைய தோலைக் காக்க முதலில் ஓடினார்கள்?

ரயிலும் சாயமும்

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை வந்தது. அதே ஆண்டு லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் ஹென்றி பெர்க்கின், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்து, தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அனிலினிலிருந்து வந்த அந்த 'மாவ்' நிறத்தோடு செயற்கைச் சாயத் தொழில் தொடங்கியது. இரண்டு நிகழ்வுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகளில், ஐரோப்பிய ஆலையில் செய்த சாயம் கப்பலில் சென்னைக்கும், ரயிலில் உள்நாட்டுக்கும் வந்து சேர இரண்டுமே தேவைப்பட்டன.

அதற்கு முன்பு இங்கே சாயம் இல்லாமல் இல்லை. சோழமண்டலக் கரையின் சிவப்பு, இம்பூறல் என்னும் சாயவேரிலிருந்து வந்தது. நீலம் அவுரியிலிருந்து வந்தது. சிவப்பைத் துணியில் பிடிக்கவைக்கக் கடுக்காயும் படிகாரமும் வேண்டும். அதே கடுக்காய் தோல் பதனிடவும் பயன்பட்டது, ஆவாரம்பட்டையைப் போல. துணிக்காரரும் தோல்காரரும் சாதியால் தனித்தனித் தெருவில் இருந்தார்கள். இருவர் சரக்கிலும் கடுக்காய் இருந்தது.

1869இல் ஜெர்மானியர்களான கிரேபேயும் லீபர்மானும் அலிசரின் சிவப்பைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். மஞ்சிட்டி இனத்து வேர்களின் சிவப்புக்குப் போட்டியாக அது சந்தைக்கு வந்தது. எட்வின் ஹோல்டர் சென்னை மாகாணத்தின் சாயத் தொழில் பற்றிய தன் நூலை வெளியிட்ட 1896இல், வேர்ச்சாயத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது. தோல் தொழில் பற்றி ஆல்ஃபிரட் சாட்டர்டன் எழுதிய நூல் 1904இல் வந்தது. பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தவரும் அவரே.

இனி அசோ. 1858இல் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர், அரோமேட்டிக் அமீனை நைட்ரஸ் அமிலத்தோடு குளிர்நிலையில் வினைப்படுத்தினால் ஒரு புதுவகைச் சேர்மம் கிடைப்பதைக் கண்டார். இன்று அதை டையசோனியம் உப்பு என்கிறோம். இது நிலையில்லாத பொருள். பூஜ்யத்திலிருந்து 5 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடேறினால் நைட்ரஜன் குமிழியாக வெளியேறி, சாயத்துக்கு உதவாத பீனால் மிஞ்சும். தேர்வில் ஐஸ்கட்டி எதற்கு என்பதற்கு இதுவே காரணம். குளிர் குறையாமல் பீட்டா நாப்தால் போன்ற இன்னொரு பொருளோடு சேர்த்தால் இரண்டும் இணையும். நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் பாலம் போடும். நிறத்துக்கு அந்தப் பாலம்தான் அடிப்படை. இருபக்கமும் இருக்கும் வளையங்களை மாற்ற மாற்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கறுப்பு என நிறம் மாறும். ஒரு சமையல் குறிப்பில் பருப்பையும் காயையும் மாற்றி நூறு சாம்பார் வைப்பது மாதிரி, இரண்டே படிகளில் ஆயிரக்கணக்கான சாயங்கள் செய்ய முடிந்தது. அதனால்தான் அசோ உலகை வென்றது.

பெயர்களையும் கவனியுங்கள். 1860களில் வந்த பழுப்பு, பிஸ்மார்க் பழுப்பு ஆனது. 1883இல் பால் பாட்டிகர் உருவாக்கி, 1885இல் பெர்லினின் அக்ஃபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த சிவப்பு, காங்கோ சிவப்பு ஆனது. ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்ட பெர்லின் மாநாடு அப்போதுதான் முடிந்திருந்தது. காங்கோ என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. ஆட்சியாளர் பெயரும் பிடித்த நாட்டின் பெயரும் சாயத்துக்கு வந்தன. தொட்டியில் கைவிட்டுத் துணி அலசியவர்கள் பெயர் எந்த நிறத்துக்கும் வரவில்லை.

பட்டும் தோலும் ஒரே பக்கம்

என் மாணவிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசோதனை வைக்கிறேன். அனிலினுக்குப் பதில் சல்ஃபானிலிக் அமிலத்தை எடுத்துக்கொள்கிறோம். அதைச் சோடியம் கார்பனேட்டில் கரைத்து, நைட்ரைட் சேர்த்து, ஐஸும் அமிலமும் உள்ள குவளையில் ஊற்றி டையசோ ஆக்குகிறோம். பிறகு காரக் கரைசலில் இருக்கும் பீட்டா நாப்தாலோடு இணைக்கிறோம். கிடைப்பது ஆரஞ்சு-2 என்ற சாயம். உப்புப் போட்டுப் படியவைத்து வடிகட்டினால் தாழம்பூ நிறத்துக்கும் காவிக்கும் நடுவில் ஒரு பிரகாசமான தூள்.

அடுத்து அது எந்த இழையில் பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரே அளவில் துண்டுகள்: வெள்ளைப் பட்டு, கம்பளி, பருத்தி, நைலான், பாலியெஸ்டர். ஆறாவதாக, குரோம் முறையில் பதனிட்ட, சாயமேற்றாத தோல் ஒரு துண்டு. துணிகளைச் சிறிது அசிட்டிக் அமிலம் விட்ட சாய நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரைமணி நேரம் வைக்கிறோம். தோலை மட்டும் தனியாக, 60 டிகிரிச் சூட்டில். பிறகு எல்லாவற்றையும் குழாய் நீரில் அலசி, வெள்ளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதுவார்கள்.

பட்டு பளிச்சென்ற ஆரஞ்சு. கம்பளியும் அப்படியே. நைலானும் ஏற்கும். தோலும் ஏற்கும். பருத்தியில் ஏறிய நிறம் அலசும்போதே வடிந்துபோய், பழைய கறைபோல மங்கலாக நிற்கும். பாலியெஸ்டர் ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பும்.

காரணம் எளிது. ஆரஞ்சு-2இல் எதிர்மின்னூட்டம் கொண்ட சல்ஃபோனேட் தொகுதி இருக்கிறது. பட்டும் கம்பளியும் புரதம். தோலும் கொலாஜன் என்ற புரதம். அமில நீரில் புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெற்று, சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. நைலானிலும் அதுபோன்ற அமினோ முனைகள் உண்டு. பருத்தி செல்லுலோஸ், அதில் இந்தக் கொக்கி இல்லை. பருத்தியில் நேரடியாகப் பிடிக்கும் முதல் அசோ சாயம் என்பதால்தான் காங்கோ சிவப்புக்கு அத்தனை மவுசு. நீண்டு தட்டையான அதன் மூலக்கூறு செல்லுலோஸின் மேல் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்; நிறநிறுத்தி எதுவும் தேவையில்லை. ஆனால் அதன் உள்ளே இருப்பது பென்சிடின். அதனால் அதை என் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. நிறங்காட்டியாகப் பழைய ஆய்வக அலமாரிகளில் இன்றும் அந்தப் புட்டி இருக்கும். உங்கள் கல்லூரியிலும் பாருங்கள்.

போன ஆண்டு, ஒட்டிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "மேம், பட்டும் தோலும் ஒண்ணுதானா அப்போ?" சாயத்தைப் பொறுத்தவரை ஆம் என்றேன். ஒன்றைக் கட்டிக்கொண்டு கருவறை வாசல்வரை போகலாம். மற்றதைத் தொட்டு வேலை செய்தவரைத் தீண்டத்தகாதவர் என்றார்கள். எங்கள் பாட்டி சித்தியைக் குளிக்கச் சொன்னது அந்தப் பாடத்தின் மிச்சம். சாயத் தொட்டிக்குள் இரண்டும் புரதம், இரண்டும் ஒரே நிறம்.

ஒரு நூற்றாண்டு தாமதம்

1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், அனிலினிலிருந்து சாயம் செய்யும் ஆலையின் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு அறிவித்தார். பிந்தைய ஆய்வுகள் முக்கியக் குற்றவாளிகளாகக் காட்டியது அனிலினை அல்ல. பென்சிடின், 2-நாப்தைலமீன் போன்ற அமீன்களை. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பிரிட்டன் பென்சிடின் தயாரிப்பையும் பயன்பாட்டையும் தடுத்தது 1967இல்தான்.

ஆபத்து, பென்சிடினைத் தயாரிப்பவர்களோடு நிற்கவில்லை. அசோ பாலத்தை நம் குடல் நுண்ணுயிரிகளும் ஈரல் நொதிகளும் உடைக்கும். பென்சிடினைக் கொண்டு செய்த சாயம் உடலுக்குள் போனால் மீண்டும் பென்சிடினாகும். 1971இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒசாமு யோஷிதா என்ற மருத்துவர், கிமோனோ துணிச்சாயத் தொழிலில் இருந்தவர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூர்படுத்தும் வழக்கம் அங்கே சுட்டிக்காட்டப்பட்டது. இதைப் படித்தபோது, ஊசியில் கோர்க்க நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தும் சித்தி நினைவுக்கு வந்தாள். தையல் தெரிந்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள்.

ஐரோப்பாவில் கெடுபிடி வரவர, இந்தச் சாயங்களின் உற்பத்தி நம்மைப் போன்ற நாடுகளில் வளர்ந்தது. அகமதாபாத்தில் பென்சிடினையும் அதன் சாயங்களையும் தயாரித்த தொழிலாளர்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களை ஆராய்ந்து, அவர்களது மரபுப் பொருளான டிஎன்ஏவிலேயே பென்சிடின் ஒட்டியிருப்பதைக் காட்டிய ஆய்வு 1996இல் வெளியானது. நான் அனிலினைக் கையில் கொட்டிக்கொண்ட அதே ஆண்டு.

சந்தையை உலுக்கிய சட்டம் வந்தது 1994 ஜூலையில். ஜெர்மனி தன் நுகர்பொருள் ஆணையைத் திருத்தி, குறிப்பிட்ட 20 அமீன்களாக உடையக்கூடிய அசோ சாயங்களை, தோலில் நெடுநேரம் படும் பொருள்களில் தடை செய்தது. ரேனின் அறிக்கைக்குப் பின் 99 ஆண்டுகள். அதுவும் தொழிலாளர் சட்டமாக வரவில்லை. வாங்குபவரைக் காக்கும் சட்டமாக வந்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது. பட்டியல் 22 அமீன்களாக நீண்டது. ஒரு கிலோ பொருளில் ஒவ்வோர் அமீனும் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உடை, படுக்கைவிரிப்பு, துண்டு, காலணி, கையுறை, கைக்கடிகார வார், கைப்பை, குழந்தையின் டயபர் எல்லாம் அதில் அடங்கும்.

இந்தியா பின்தொடர்ந்தது. 1997 மார்ச் 26 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 'கையாளுதல்' என்ற சொல் தயாரிப்பு, சேமிப்பு, பயன்பாடு எல்லாவற்றையும் குறிக்கும். ஆகவே காகிதத்தில் இது தொழிலாளியையும் காக்கும் சட்டம்தான். அது வந்த நேரத்தைப் பாருங்கள்: ஜெர்மன் துறைமுகத்தில் சரக்கு திரும்பும் என்ற பயம் வந்து மூன்று ஆண்டுகளுக்குள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அசோ என்றாலே விஷம் இல்லை. பட்டியலில் உள்ள அமீன்களாக உடைபவைதான் தடைசெய்யப்பட்டவை. என் மாணவிகள் செய்யும் ஆரஞ்சு-2 அந்த வகையில் வராது. நான் தேர்வில் செய்த சிவப்பு வேறு கதை. அதன் வணிகப் பெயர் சூடான்-1. உணவில் சேர்க்கக் கூடாதது. 2003இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் அது கலந்திருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சாயமும் இங்கிருந்துதான் போனது, தூளும் இங்கிருந்துதான் போனது. கண்டுபிடிப்பு மட்டும் போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்தது.

சோதனைக்கு வராத விரல்கள்

என்னிடம் படித்த சிலர் இன்று தோல், துணி பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் செய்வது நான் பிளஸ் டூவில் செய்த சோதனையின் தலைகீழ். அங்கே அமீனிலிருந்து சாயம். இங்கே சாயத்திலிருந்து அமீன். தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஹெக்சேனில் கொழுப்பை நீக்குவார்கள். சிட்ரேட் தாங்கல் கரைசலில் 70 டிகிரியில் வைத்து, சோடியம் டைதயோனைட் சேர்த்தால் அசோ பாலம் உடையும். வெளிவரும் அமீன்களைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, குரோமட்டோகிராஃப் கருவியில் ஏற்றி, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். முப்பதுக்குக் கீழே என்றால் தேர்ச்சி.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, உரசல். வெள்ளைக் கம்பளி ஃபெல்ட் துண்டைத் தோலின் மேல் இத்தனை முறை என்று தேய்த்து, அதில் ஏறிய கறையைச் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். வாங்குபவரின் சாக்ஸில் சாயம் ஒட்டக் கூடாது என்பதற்காக. மற்றது, வியர்வை. உப்பும் பிற பொருள்களும் சேர்த்துச் செயற்கை வியர்வையைத் தயாரித்து, அதில் நனைத்த மாதிரியைப் பல இழைத் துணிப்பட்டையோடு சேர்த்து அழுத்தி வைப்பார்கள். அசிடேட், பருத்தி, நைலான், பாலியெஸ்டர், அக்ரிலிக், கம்பளி என ஆறு இழைகள் பக்கம் பக்கமாக நெய்த பட்டை அது. எந்த இழையில் எவ்வளவு சாயம் ஒட்டியது என்று பார்ப்பார்கள். நான் வகுப்பில் செய்வதன் பெரிய வடிவம்.

இந்தச் சோதனைகள் வந்தது நல்லது. அவற்றால் தடைசெய்யப்பட்ட சாயங்கள் ஏற்றுமதி ஆலைகளிலிருந்து விலகின. அதன் பலன் தொழிலாளிக்கும் ஓரளவு சேர்ந்தது. ஆனால் அளக்கப்படுவது எது என்று பாருங்கள். வாங்குபவரின் வியர்வைக்கு ஒரு செய்முறை இருக்கிறது; அதைத் தரநிலைப்படி ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். சித்தியின் வியர்வையை யாரும் தயாரிக்க வேண்டியதில்லை. அது மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, தோலின் மேல் தானாகச் சொட்டும். அதில் சாயம் எவ்வளவு கரைகிறது, விரலில் எவ்வளவு ஏறுகிறது என்பதற்குத் தரநிலையில் எண் கிடையாது. அளந்துபார்க்கும்வரை அவள் விரலில் இருந்தது கெடுதலானது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்தப் பகுதியின் ஷூ கம்பெனிகளில் தையலிலும் ஒட்டும் வேலையிலும் பெரும்பாலும் பெண்களே. கம்பெனிக்குப் போகாதவர்களுக்கு வேலை வீட்டுக்கே வரும். ஆம்பூர்ப் பக்கம் இடைத்தரகர் அப்பர் மூட்டையைத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. சாப்பிடும் இடத்திலேயே தைப்பது, குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்தத் திண்ணைக்குத் தொழிற்சாலைச் சட்டம் வராது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளர்களுக்கான 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியதும் 1996இல்தான். இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

கிணறு

சாய நீர் கடைசியில் எங்கே போகிறது? தொட்டியில் சாயம் முழுவதும் ஏறிவிடாது. மிச்சம் கழிவோடு வெளியேறும். தோல் கழிவில் சாயம் ஒரு பங்குதான். உப்பும் குரோமியமும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் அதைவிடப் பெரிய பங்கு. எல்லாம் சேர்ந்து பாலாற்றுப் படுகைக்குப் போயின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் முதலில் சொல்லித்தரும் சுற்றுச்சூழல் வழக்குகளில் இது ஒன்று.

அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பு ஒன்று வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. அதையொட்டி ஒரே ஒரு வாக்கியத்தில், பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்க வேண்டியிருப்பதைச் சொல்கிறது. அந்த வாக்கியத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். கெட்ட நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கு உண்டு. கெட்ட கிணற்றுக்கு எண் உண்டு. நடந்த நேரத்துக்குக் கணக்கு இல்லை.

பிறகு அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட இல்லை. விளைநிலத்தின் பாதிப்பை வைத்துக் கணக்கிட்டால், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பாதிக்கப்பட்டவர். நம் ஊரில் பட்டா யார் பெயரில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடம் தூக்கியவள் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் வர வழியே இல்லை.

அந்தத் தொகையும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் உத்தரவு போட்டது: பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும், அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். இரண்டு கால அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் வாடிக்கையாளரின் பாதத்துக்காக இங்கே சாயம் மாற மூன்று ஆண்டு போதுமாக இருந்தது. பாலாற்றங்கரைக் கிணறுகளுக்காக 1991இல் தொடங்கிய வழக்கு 34 ஆண்டுகளுக்குப் பிறகும் உத்தரவு நிலையில் இருக்கிறது. வேதியியல் தெரியாததால் வந்த தாமதம் இல்லை இது. சாய ஆலைகளின் ஆபத்தைப் பற்றி 1895 முதல் தெரியத் தொடங்கியிருந்தது. குரோமியத்தைப் பற்றியும் தெரியும். சரக்கைத் திருப்பி அனுப்ப வாங்குபவரால் முடிந்தது. தண்ணீரைத் திருப்பி அனுப்பக் குடம் தூக்குபவளால் முடியாது.

ஒரு வெள்ளைத் துண்டு

சித்தி இருபது ஆண்டு வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். இப்போது அவள் நகங்கள் சுத்தமாக இருக்கின்றன. என்னென்ன சாயம் போட்ட தோல் அது, யார் தயாரித்தது என்று கேட்டால், "அதெல்லாம் நமக்கு யாருடி சொல்றாங்க? டப்பா மேல இங்கிலீஷ்ல இருக்கும்" என்பாள். பாதுகாப்புத் தரவுத்தாள் என்று ஒன்று ஒவ்வொரு வேதிப்பொருளோடும் வர வேண்டும். வந்திருக்கலாம். தையல் பிரிவு வரைக்கும் அது வரவில்லை.

சென்ற பருவத்தில் அந்த மாணவி, பட்டும் தோலும் ஒன்றா என்று கேட்டவள், உரசல் சோதனையைப் படித்துவிட்டு ஒரு வெள்ளைக் கம்பளித் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் அம்மா வீட்டில் அப்பர் தைப்பவர். அன்றைய வேலை முடிந்ததும், ஈரப்படுத்திய துண்டால் அம்மாவின் இரண்டு விரல்களைப் பத்து முறை துடைத்து எடுத்து வந்தாள். துண்டு பழுப்பாக இருந்தது. சாம்பல் அளவுகோலில் வைத்துப் பார்த்தோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். "ரெக்கார்டுல எழுதட்டுமா மேம்?" என்று கேட்டாள்.

அது தரநிலைப்படியான சோதனை இல்லை. அந்தக் கறை எந்தச் சாயம் என்று அது சொல்லாது. கெடுதலா இல்லையா என்றும் சொல்லாது. அதற்குக் கருவி வேண்டும், பணம் வேண்டும், அனுமதி வேண்டும். இருந்தாலும் எழுதச் சொன்னேன். நாள், நேரம், எத்தனை ஜோடி தைத்தார், தோலின் நிறம் என்ன, கறை எத்தனை. மாதிரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அம்மாவின் வலது கை, கட்டைவிரல், ஆள்காட்டி விரல்' என்று எழுதினாள்.

இந்த ஆண்டு முதல் என் ஆய்வகத்தில் அந்தச் சோதனையும் பாடம். கையுறையும் உண்டு.